«கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்» (1946): கடைசியில் அவன் சுட்டிருக்க வேண்டுமா?

பழையபிரிண்ட்

நேற்று ராத்திரி படம் முடிந்தபோது மணி ஒன்றரை. தூக்கம் வரவில்லை, இழையைத் தொடங்கிவிட்டேன்.

வோல்ஃப்காங் ஸ்டாட்டே எழுதி இயக்கிய படம். போருக்குப் பிறகு ஜெர்மனியில் எடுத்து வெளியான முதல் கதைப்படம் இதுதான். வெற்றிபெற்ற நான்கு நாடுகள் ஜெர்மனியையும் பெர்லினையும் பங்குபோட்டு ஆண்ட காலம். சோவியத் பகுதியில் அந்த ஆண்டு மே மாதம் தொடங்கிய டெஃபா திரைப்பட நிறுவனத்துக்கும் இதுவே முதல் படம். பார்க்காதவர்களுக்காகக் கதை. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

1945, பெர்லின். வதைமுகாமிலிருந்து சுசானே என்ற இளம்பெண் தன் பழைய வீட்டுக்குத் திரும்புகிறாள். அங்கே ஹான்ஸ் மெர்டென்ஸ் என்ற டாக்டர் குடியேறி இருக்கிறார். போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். இப்போது வைத்தியம் பார்க்கக் கை வரவில்லை, குடிக்க மட்டும் வருகிறது. வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். போரில் செத்துப்போனதாக அவர் நம்பியிருந்த கேப்டன் புரூக்னர் உயிரோடு இருப்பது தெரியவருகிறது. உயிரோடு என்றால் சும்மா இல்லை. மனைவி, பிள்ளைகள், ஒரு தொழிற்சாலை என்று கொழுகொழுவென இருக்கிறான். சிப்பாய்களின் இரும்புத் தொப்பிகளைச் சமையல் பாத்திரமாக்கி விற்பதுதான் தொழில். 1942 கிறிஸ்துமஸ் முந்தின நாள் போலந்து கிராமம் ஒன்றில் 36 ஆண்கள், 54 பெண்கள், 31 குழந்தைகளைச் சுடச் சொன்னவன் அவன்.

மெர்டென்ஸ் துப்பாக்கியோடு போகிறார். கடைசி நொடியில் சுசானே ஓடிவந்து தடுக்கிறாள். "தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை" என்கிறாள். "இல்லைதான், ஆனால் குற்றம் சாட்டியாக வேண்டும்" என்கிறார் இவர். படம் முடிந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒன்றரை மணி நேரம் ஏற்றிவைத்த சூடு எங்கே போனது?

அரைடிக்கெட்

முடிவை விடுங்கள், எனக்குத் தொடக்கமே தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் பொண்ணு வதைமுகாமிலிருந்து வருகிறாளா, அழகு நிலையத்திலிருந்து வருகிறாளா? கன்னம் பளபளக்கிறது, முடி ஒழுங்காக வாரியிருக்கிறது, கோட்டில் ஒரு கசங்கல் இல்லை. வந்த மறுநாளே துடைப்பம் எடுத்து வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிடுகிறாள். சுட்டவன் பக்கம் நின்ற டாக்டருக்குத்தான் கெட்ட கனவு, குடி, மனநோய் எல்லாம். முகாமில் இருந்தவளுக்கு ஒன்றுமே இல்லை. அவள் வேலை அவனைத் தேற்றுவது. யார் பாதிக்கப்பட்டவர், யார் தாதி?

ஹில்டகார்ட் க்னெஃப் நல்ல நடிகை, மறுக்கவில்லை. ஆனால் இது மேக்கப் தவறு இல்லை, கதையின் தவறு.

ஸ்ப்ரீக்கரை

வணக்கம். நான் பேர்லினில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். இந்தப் படத்தை இங்கே ஒரு பழைய படங்கள் போடும் சின்னத் திரையரங்கில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். அரைடிக்கெட் தம்பி சொன்னது சரி. ஜேர்மன் விமர்சகர்களும் சுசானேயின் முகத்தைப் பற்றி இதையேதான் சொல்லிவருகிறார்கள்.

ஆனால் அந்த முகத்தைச் சுற்றி இருப்பதையும் பாருங்கள். இடிபாடுகளில் பெரும்பாலானவை செட் இல்லை. ஸ்டாட்டே 1946 வசந்தத்திலும் கோடையிலும் நிசமான தெருக்களிலேயே கமராவை நிறுத்தினார். தண்டவாளம், புழுதி, சுவர் மட்டும் நிற்கிற வீடுகள் எல்லாம் அப்போது அப்படியே கிடந்தவை. பிறகு அந்தக் கல்லையும் மண்ணையும் கொண்டுபோய்க் கொட்டிய மேடுகளில் ஒன்று எங்கள் நகரத்தின் மேற்கில் இருக்கிற டொய்ஃபெல்ஸ்பேர்க். கடல்மட்டத்திலிருந்து 120 மீற்றர் உயரம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் பட்டம் விடும் இடம். அவர்கள் மிதிப்பது யாரோ சமைத்த குசினி என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கும்.

சாப்பாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். ரேஷன் அட்டையில் ஐந்து வகை. கடைசி வகை வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும். அதற்குச் சனம் வைத்த பெயர் "சுடுகாட்டு அட்டை". இடிபாட்டில் கல் சுமக்கப் போனால் மேல்வகை அட்டை கிடைக்கும். அதனால்தான் அவ்வளவு பெண்கள் வரிசையில் நின்று வாளி கைமாற்றினார்கள். தியாகம் என்று பிறகு சிலை வைத்தார்கள். அன்றைக்கு அது பாண் கணக்கு. இரும்புத் தொப்பிப் பாத்திரமும் கற்பனை இல்லை, அப்படிப்பட்ட பாத்திரங்களை இங்குள்ள அருங்காட்சியகங்களில் காணலாம். அந்தத் தொப்பியில் துளை போட்டு வடிதட்டு ஆக்கியதுகூட உண்டு.

சட்டப்புத்தகம்

முடிவுக்கு வருகிறேன். பழையபிரிண்ட் ஏமாந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டாட்டே முதலில் எழுதிய கதையின் பெயரே "நான் கொல்லப்போகும் மனிதன்". அதில் டாக்டர் சுட்டுவிடுகிறார்.

போரின் கடைசிக் காலத்தில் ஒரு மதுக்கடையில் ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி ஒருவன் குடிவெறியில் ஸ்டாட்டேயின் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டியிருக்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் தலைகீழாகும், அப்போது இந்த ஆளைத் தெருவில் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று அவர் யோசித்ததில் பிறந்த கதை இது.

கதையைத் தூக்கிக்கொண்டு வெற்றிபெற்ற நாடுகளின் அலுவலகங்களில் ஏறி இறங்கினார். அமெரிக்கப் பக்கத்தில் திரைப்பட அதிகாரியாக இருந்தவர் பீட்டர் வான் ஐக், பிறகு நடிகராகப் பெயர் வாங்கிய அதே ஆள். ஜெர்மானியர்கள் படம் எடுப்பதைப் பல வருடங்களுக்கு நினைக்கவே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். சோவியத் அதிகாரிகள் மட்டும் "சரி" என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. படம் ஓடி முடிந்து மக்கள் வெளியே போய் ஆளுக்கொரு துப்பாக்கி எடுத்துப் பழி தீர்க்க ஆரம்பித்தால் நாங்கள் என்ன செய்வது? முடிவை மாற்று.

மாற்றினார். தணிக்கை என்று சொல்லலாம். எனக்கு அந்த அதிகாரிகள் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது. நீதிமன்றத்தில் முப்பது வருடம் கோப்பு தூக்கியவன் நான், அந்தப் புத்தி போகாது.

இன்னொன்று. படத்தின் முதல் காட்சி 1946 அக்டோபர் 15 மாலை, சோவியத் பகுதியில் அட்மிரல்ஸ்பலாஸ்ட் அரங்கில். நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் வழக்கில் தீர்ப்பு வந்து இரண்டு வாரம். அதே இரவில் அவர்களில் முக்கியமானவனான கோரிங் சிறையில் விஷம் தின்று செத்தான். விடிவதற்குள் மற்ற பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். திரையில் ஒருவன் கம்பிகளுக்குப் பின்னால் நின்று "நான் நிரபராதி" என்று கத்துவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள், மறுநாள் காலையில் கேள்விப்பட்ட செய்தி அது. அந்தக் கூட்டத்துக்கு இந்த முடிவு சப்பென்று இருந்திருக்குமா?

பழையபிரிண்ட்

தேதி எனக்குத் தெரியாது சார். சரி, அந்தக் கோணத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். தூக்குமேடை தலைவர்களுக்கு. புரூக்னர் கேப்டன். அவனைப் போல எத்தனை ஆயிரம் பேர்? "குற்றம் சாட்ட வேண்டும்" என்றால் யாரிடம் போய்ச் சாட்டுவது?

அரைடிக்கெட்

அதைத்தான் நானும் கேட்கிறேன். சுடாதே, வழக்குப் போடு என்று சொல்லிவிட்டு அந்த வழக்கு வரவே இல்லை என்றால்? (கோபம் படத்தின் மேல் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.)

ஸ்ப்ரீக்கரை

வழக்குக்குப் பதில் வந்தது ஒரு படிவம். யார் நாசி என்று பிரித்தறிய அமெரிக்கப் பகுதியில் கொடுத்த கேள்வித்தாளில் 131 கேள்விகள். எந்தக் கட்சியில் இருந்தாய், எந்தச் சங்கத்தில் இருந்தாய், எவ்வளவு சம்பாதித்தாய் என்று. 1946 மார்ச்சில் வந்த சட்டப்படி பதிலைப் பார்த்து ஆளை ஐந்து வகையில் ஒன்றில் போடுவார்கள். பெருங்குற்றவாளி மேலே, குற்றமற்றவர் கீழே. நாலாவது வகை "கூடவே ஓடியவர்". பெரிய குளம் அது, பெரும்பாலான ஆட்கள் அதற்குள்தான் போய் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ பாதிரியாரோ "இவர் நல்ல மனிதர்" என்று எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குச் சனம் "பேர்சில் சான்றிதழ்" என்று பெயர் வைத்தது. பேர்சில் இங்கே உடுப்புத் தோய்க்கும் தூள். எவ்வளவு வெள்ளையாகும் என்று புரிகிறதுதானே.

இந்தப் படத்திலேயே அந்தப் படிவம் ஒரு ஆளைப் பிடித்தது. டாக்டர் மெர்டென்ஸாக நடித்த எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் போர்ஷெர்ட் தான் நாசிக் கட்சியில் இருந்ததைப் படிவத்தில் மறைத்துவிட்டார். படம் வெளிவரும் நேரத்தில் அமெரிக்கர்கள் கைது செய்தார்கள். முதல் காட்சி விளம்பரத்தில் கதாநாயகன் பெயர் இல்லை! மனச்சாட்சியால் துடிக்கும் மனிதனாக நடித்தவர், தன் படிவத்தில் பொய் எழுதியவர்.

நிழல்ஒளி

இவ்வளவு நாளாக ஓரமாக இருந்து படித்துக்கொண்டிருந்தேன், இப்போது பொறுக்க முடியவில்லை. அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஸ்டாட்டேயே "யூதன் சூஸ்" என்ற 1940ஆம் ஆண்டு யூத வெறுப்புப் படத்தில் சின்ன வேடத்தில் தலை காட்டியவர். ஒளிப்பதிவாளர் ஃப்ரீடல் பேன்-க்ருண்ட் 1941இல் "நான் குற்றம் சாட்டுகிறேன்" என்ற படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர். தீராத நோயாளிகளைக் கொல்வது கருணை என்று மக்களைப் பழக்க எடுத்த படம் அது. தலைப்பைப் பாருங்கள், ஐந்து வருடத்தில் அதே மனிதர் படம்பிடித்த கடைசி வசனமும் "குற்றம் சாட்ட வேண்டும்" என்பதுதான். க்னெஃப் போர் முடியும்போது டோபிஸ் பட நிறுவனத்தின் நாஜித் தலைவர் எவால்ட் ஃபான் டெமாண்டோவ்ஸ்கியின் காதலி. சிப்பாய் உடை போட்டுக்கொண்டு அவரோடு ஓடியவர். 1946 அக்டோபரில் சோவியத் தரப்பு டெமாண்டோவ்ஸ்கியைச் சுட்டுக்கொன்றது. சுசானே திரையில் முதல்முறை புன்னகைத்த அதே மாதம்.

யாரையும் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு ஜெர்மனியில் கேமரா பிடிக்கத் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் அந்த ஆட்சியில்தான் வேலை பார்த்திருப்பார்கள். "நம்மிடையே" என்ற சொல்லை நான் படப்பிடிப்புக் குழுவையும் சேர்த்துத்தான் படிக்கிறேன், அவ்வளவுதான்.

ஒளிப்பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாய்ந்த கோணம், சுவரில் பூதம் போல ஏறும் நிழல், கடைசியில் சுருங்கிச் சுருங்கிப் போகும் புரூக்னர் எல்லாம் 1920களின் ஜெர்மன் மௌனப்பட மொழி. நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் காலத்தில் மூட்டை கட்டி வைத்ததைப் பிரித்திருக்கிறார்கள். கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் பிரித்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். சாதாரண உரையாடலில்கூட நிழல் வந்து நிற்கிறது.

கீழ்வரிசை

"யூதர்" என்ற சொல் படத்தில் எங்கே வருகிறது? நான் சப்டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். போலந்து கிராமத்தில் சுடப்பட்டவர்கள் பணயக்கைதிகள். சுசானே முகாமுக்குப் போனது அப்பாவால். கீழ்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மோண்ட்ஷைன், வெளிநாட்டுக்குப் போன மகன் திரும்புவான் என்று காத்திருந்தே சாகிறாரே, அவரை யூதர் என்று நாம்தான் யூகிக்கலாம். படம் சொல்லாது.

ஸ்ப்ரீக்கரை

ஒரு இடத்தில் மறைமுகமாக வருகிறது, அதுவும் கேட்காது, பார்க்க வேண்டும். புரூக்னர் பாண் தின்றுகொண்டிருப்பான். முன்னால் பத்திரிகை. இருபது லட்சம் பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டதாகவும் அவுஷ்விட்ஸ் என்றும் அதில் தலைப்பு. யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற முகாம் அது. வசனம் ஒன்றும் இல்லை. அவன் மென்றுகொண்டே இருப்பான். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பயங்கரமான காட்சி அதுதான், சுடும் காட்சி இல்லை.

ஆனால் கீழ்வரிசை கேட்டது அந்தக் காலத்தின் குறையும்தான். 1945 கோடையில் பேர்லினில் "பாசிசத்தால் பாதிக்கப்பட்டோர்" என்று பதிவுசெய்து கூடுதல் உணவு அட்டை கொடுக்கத் தொடங்கியபோது முதலில் யூதர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் துன்பப்பட்டார்கள், ஆனால் எதிர்த்துப் போராடவில்லை என்று காரணம் சொன்னார்கள். சில மாதம் சண்டை பிடித்த பிறகுதான் மாறியது. முகாமில் இருந்து தப்பி வந்தவரிடம் "நீ போராடினாயா" என்று கேட்கிற மேசை! அந்த ஊரில் எடுத்த படத்தில் சுசானே என்ன நிறத்தில் இருப்பாள் என்று நினைக்கிறீர்கள்.

நிழல்ஒளி

டெஃபா அடுத்த வருடமே அந்த இடத்தைத் தொட்டது, அதையும் சொல்லிவிடுவோம். குர்ட் மேட்சிக் எடுத்த "நிழலில் திருமணம்", 1947. யூத மனைவியை விவாகரத்து செய்ய மறுத்துக் குடும்பத்தோடு உயிரை விட்ட நடிகர் யோவாஹிம் காட்ஷால்க்கின் கதையை ஒட்டியது. மேட்சிக்கின் அம்மா யூதர், 1944இல் தற்கொலை செய்துகொண்டவர். அந்தப் படம் பெர்லினின் நான்கு பகுதிகளிலும் ஒரே நாளில் வெளியானது. பனிப்போர் இறுகிய பிறகு அப்படி நடக்க வாய்ப்பே இல்லை. 1948இல் "நீண்டது பாதை" என்று இன்னொன்று, அமெரிக்கப் பகுதியில் எடுத்தது, ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திய மொழியும் கலந்தது. அதில்தான் தப்பிப் பிழைத்தவர்களே கதையின் நடுவில் நிற்கிறார்கள். அரைடிக்கெட் அதைப் பார்க்க வேண்டும். அங்கே கன்னம் பளபளக்காது.

சட்டப்புத்தகம்

புரூக்னர்கள் மேல் வழக்கு வந்ததா என்று தம்பி கேட்டாரே. மேற்கு ஜெர்மனி 1949இல் உருவானது. அந்த வருடம் முடியும் முன்பே முதல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்துவிட்டது. 1951இல் இன்னொரு சட்டம், வேலையை இழந்த பழைய அரசு ஊழியர்கள் திரும்பிவர வழிசெய்தது. அதிகாரிகள், நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார்கள். நாஜிகளின் இனச் சட்டங்களுக்கு உரை எழுதிய ஹான்ஸ் குளோப்கே 1953 முதல் 1963 வரை அதிபர் அடெனாவர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி. சோவியத் பகுதியில் உருவான கிழக்கு ஜெர்மனி உத்தமம் என்று எண்ண வேண்டாம். அங்கேயும் "சின்ன" நாஜிகளுக்குக் கதவு திறந்தது. தவிர, நாங்கள் பாசிச எதிர்ப்பு நாடு, கொலைகாரர்கள் எல்லாம் மேற்கே என்று சொல்லிவிட்டால் நம்மிடையே யாரும் இல்லை என்றாகிவிடும் அல்லவா.

அந்த மௌனம் உடையத் தொடங்கியது 1958இல். உல்ம் நகர வழக்கில் லித்துவேனிய எல்லையில் யூதர்களைச் சுட்ட பத்துப் பேர் கூண்டில் நின்றார்கள். அதே வருடம் லுட்விக்ஸ்பர்க்கில் நாஜிக் குற்றங்களை விசாரிக்க ஒரு மைய அலுவலகம் திறந்தார்கள். 1963 டிசம்பரில் பிராங்க்பர்ட்டில் ஆஷ்விட்ஸ் வழக்கு தொடங்கியது. ஆக, "குற்றம் சாட்ட வேண்டும்" என்ற வசனத்துக்கும் பெரிய வழக்குக்கும் நடுவில் பதினேழு வருடம். மரண தண்டனையாக அள்ளிக் கொடுத்த நீதிபதிகள் பாடு அதைவிடச் சுகம். மக்கள் நீதிமன்றம் என்று பெயர் வைத்துக்கொண்ட நாஜிக் கொலைக்களத்தில் நீதிபதியாக உட்கார்ந்திருந்த ஹான்ஸ்-யோவாஹிம் ரேஸே 1968 டிசம்பரில் பெர்லினில் விடுதலை ஆனார். தீர்ப்பைப் படிக்கும்போது என் தொழில்மேலேயே வெறுப்பு வந்தது.

பழையபிரிண்ட்

சார், அப்படியானால் என் கேள்வி திரும்ப முளைக்கிறதே. பதினேழு வருடம் காத்திருக்கச் சொன்ன முடிவு சரியா?

சட்டப்புத்தகம்

முடிவு சரி. காக்கவைத்தவர்கள் தவறு. படம் கேட்டதை நாடு செய்யவில்லை என்றால் படத்தைத் திருத்தி என்ன பயன்?

அரைடிக்கெட்

சார், கோர்ட்டில் இப்படித்தான் பேசுவீர்களா? வாயடைத்துப் போகிறது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

நிழல்ஒளி

ஸ்டாட்டேக்கும் இதே எரிச்சல் இருந்திருக்க வேண்டும். டெஃபாவுக்காக 1951இல் "அடிமைப் பிரஜை" எடுத்தார். மேலே வளைந்து கீழே மிதிக்கும் ஒரு ஜெர்மானியனின் கதை. அதை மேற்கு ஜெர்மனியில் 1957 வரை திரையிட விடவில்லை. 1955இல் நாடகாசிரியர் பிரெக்ட்டின் "துணிச்சல் அன்னை" நாடகத்தைப் படமாக்கும்போது பிரெக்ட்டோடு ஒத்துவராமல் வேலை பாதியில் நின்றது. அதன்பிறகு மேற்கே வந்துவிட்டார். அங்கே 1959இல் எடுத்தது "அரசு வழக்கறிஞருக்கு ரோஜாக்கள்". போரின் கடைசி நாள்களில் இரண்டு டப்பா சாக்லேட் திருடியதாக ஒரு சிப்பாய்க்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்தவன், சமாதான காலத்தில் பெரிய அரசு வழக்கறிஞர். தப்பிய சிப்பாய் தெருவில் சின்னச் சாமான் விற்பவன். அவன் வேண்டுமென்றே கடைக் கண்ணாடியை உடைத்து அதே சாக்லேட்டை எடுக்கிறான். வழக்கில் அந்தப் பெரியவர் பழக்க தோஷத்தில் எழுந்து மரண தண்டனை கேட்டுவிடுகிறார்! மேற்கு ஜெர்மனியில் அப்போது மரண தண்டனையே கிடையாது.

நகைச்சுவைப் படம்தான், ஆனால் புரூக்னருக்குப் பதிமூன்று வருடம் கழித்து வந்த பதில் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். 1946இல் "இவனைக் கூண்டில் ஏற்றுங்கள்" என்றார். 1959இல் பார்த்தால் கூண்டுக்கு எதிரே கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நிற்பவனே அவன்.

கீழ்வரிசை

புரூக்னரை அரக்கனாகக் காட்டாததுதான் ஸ்டாட்டேயின் கெட்டிக்காரத்தனம். அவன் வில்லன் சிரிப்புச் சிரிப்பதில்லை. மெர்டென்ஸைக் கண்டதும் உண்மையாகவே சந்தோஷப்படுகிறான், வீட்டில் உட்கார்த்திவைத்து உபசரிக்கிறான், பிள்ளைகளிடம் பிரியமாக இருக்கிறான். தொப்பியைப் பாத்திரமாக்கினால் என்ன, பாத்திரத்தைத் தொப்பியாக்கினால் என்ன, பிழைக்கத் தெரிய வேண்டும் என்கிறான். அவனுக்கு 1942 ஒரு வேலை, 1945 இன்னொரு வேலை. 1942 கிறிஸ்துமஸில் மரம் ஜோடித்துப் பாட்டுப் பாடியவன், 1945 கிறிஸ்துமஸில் தொழிலாளர்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறான். ஆர்னோ பால்சனின் நடிப்பு கிட்டத்தட்ட நம் பக்கத்துக் கடை முதலாளி மாதிரி. அதனால்தான் "நான் நிரபராதி" என்று கத்தும்போது அவன் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவன் அதை நம்புகிறான்.

அரைடிக்கெட்

மறுபடி பார்த்துவிட்டு வருகிறேன். பத்திரிகைக் காட்சியை முதல்முறை முழுக்கத் தவறவிட்டிருக்கிறேன், ஸ்ப்ரீக்கரை அக்காவுக்கு நன்றி. பாண் சுற்றி வந்த காகிதம்தான் அது. சாப்பிட்ட பிறகு என்ன செய்வார்கள் அந்தக் காகிதத்தை?

அப்புறம் இன்னொரு காட்சி. மெர்டென்ஸ் புரூக்னரைக் கொல்ல இடிபாட்டுக்குள் கூட்டிப்போகும்போது ஒரு தாய் குழந்தைக்கு மூச்சு வரவில்லை, டாக்டர் வேண்டும் என்று ஓடிவருகிறாள் இல்லையா. அவர் போய்க் குழந்தையின் தொண்டையில் அறுவை செய்து பிழைக்கவைக்கிறார். முதல்முறை பார்த்தபோது இது சினிமாத்தனம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் கத்தி இல்லை, வெந்நீர் இல்லை, வெளிச்சம் இல்லை. அந்த மூன்று நிமிடம் நடிப்பு மாதிரி இல்லை.

சுசானே விஷயத்தில் மட்டும் இறங்கி வரமாட்டேன். டாக்டரின் டைரியை அவள் படிக்கிறாள், அவள் டைரியை யாரும் படிக்கவில்லை.

யாரிடமாவது "ரோஜாக்கள்" படத்துக்குச் சப்டைட்டில் இருந்தால் இங்கே சொல்லுங்கள்.

ஸ்ப்ரீக்கரை

ஆங்கிலத்தில் நான் தேடிப் பார்க்கிறேன், தம்பி. இல்லாவிட்டால் சாக்லேட் வழக்குக் காட்சியை மட்டும் நானே தமிழில் எழுதிப் போடுகிறேன். அடுத்த கிழமை, வேலை முடிந்து வந்த பிறகு.